திரும்பி வராத குழந்தை யார் கணக்கில்?

கேள்வி: ஒன்பது வருடங்களாகக் குழந்தைகளுக்குச் செவித்திறன் பரிசோதனை செய்துவரும் ஆடியாலஜிஸ்ட் நான். மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியின் குழந்தைகள் செவித்திறன் சேவைக்கு என்னையே பொறுப்பாளராகப் போட்டுவிட்டார்கள். பெரிய மருத்துவமனைக்குள் இல்லாமல், வெளியே நான்கு சுகாதார மையங்களில் நடக்கும் சேவை இது. வருடத்துக்குச் சுமார் 5,000 குழந்தைகள் பிறக்கிறார்கள். அவர்களில் 97 சதவீதத்தினருக்கு முதல் பரிசோதனை முடிந்துவிடுகிறது என்கிறது அறிக்கை. ஆனாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை. காத்திருப்போர் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. வரச் சொன்ன தேதிக்குப் பலர் வருவதில்லை. பெரா பரிசோதனையை (ஒலிக்குக் காது நரம்பும் மூளைத்தண்டும் தரும் மின்பதிலை எலெக்ட்ரோடு வழியாக அலைகளாகப் பதிவது) என்னைவிட மூத்த ஒருவர் இருபது வருடமாகத் தனியாகவே செய்து, தனியாகவே முடிவும் எழுதுகிறார். அதை இன்னொருவர் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. போன மாதம் இரண்டரை வயதுப் பையன் ஒருவனுக்கு இரண்டு காதிலும் கேட்புக் குறைபாடு என்று உறுதி செய்தோம். பிறந்தபோது அவன் 'பாஸ்'. "அப்போ அன்னிக்கு நீங்க சொன்னது பொய்யா?" என்று அவன் அம்மா கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. புதிய பரிசோதனைக் கருவி வாங்கப் பணம் தருவதாக மேலிடம் சொல்கிறது. வாங்கட்டுமா? எங்கிருந்து தொடங்குவது?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வணக்கம். கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கருவியை இப்போது வாங்காதீர்கள். அதற்காகப் பணத்தை வேண்டாம் என்றும் சொல்லிவிடாதீர்கள். ஒரு மாதம் அவகாசம் கேளுங்கள். அந்தப் பணம் உங்களுக்கு வேண்டியிருக்கும், பெரும்பாலும் வேறொன்றுக்கு.

97 சதவீதம் என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல எண்தான். வார்டு வார்டாக ஏறி இறங்கும் உங்கள் பணியாளர்களுக்கு அதில் பங்குண்டு. ஆனால் அதற்கு அடுத்து வரவேண்டிய எண் கடிதத்தில் இல்லை. எழுத விட்டுப்போயிருக்கலாம், உங்களிடமே இல்லாமலும் இருக்கலாம். இதேபோன்ற ஒரு சேவைக்கு நான் பொறுப்பேற்றபோது என்னிடமும் இல்லை. கருவியின் திரையில் 'ரெஃபர்', அதாவது மறுபடி பார்க்கவேண்டும் என்று வந்த குழந்தைகளில் எத்தனை பேர் அடுத்த பரிசோதனைக்கு வந்து சேர்ந்தார்கள் என்ற எண்ணைச் சொல்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிரந்தரக் கேட்புக் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு. உங்கள் 5,000-க்கு 5 முதல் 10 பேர். ஸ்கிரீனிங்கில் 'ரெஃபர்' ஆகிறவர்கள் 4 சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்பது அமெரிக்காவில் சிசுக்களின் செவித்திறனுக்காக இயங்கும் கூட்டுக்குழு 2007-இல் வைத்த அளவு. 4 சதவீதம் என்றே கொண்டால் 200 குழந்தைகள். நீங்கள் தேடும் பத்துப் பேரில் அநேகமாக எல்லோரும் இந்த 200-க்குள்தான் இருக்கிறார்கள். இதில் 40 பேர் திரும்பி வரவில்லை என்றால், சராசரிக் கணக்கிலேயே அந்தப் பத்தில் இரண்டு பேரை இழந்துவிட்டீர்கள். அறிக்கையில் 97 மட்டும் அப்படியே அழகாக நிற்கும்.

எனவே இந்த வாரத்துக்கு ஒரு வேலை. ஒன்றரை வருடத்துக்கு முன்பு கழிந்த ஏதாவது ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாதம் பிறந்து 'ரெஃபர்' ஆன ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் ஒரு தாளில் எழுதுங்கள். எதிரே நான்கு தேதிகள்: பிறந்தது, ஸ்கிரீனிங் முடிந்தது, பெரா முடிந்தது, தேவைப்பட்டிருந்தால் காதுக் கருவி மாட்டியது. கணினி அச்சடித்துத் தரும் அட்டவணை வேண்டாம், கையால் எழுதுங்கள். பதினாறு, பதினேழு பெயர்தான் வரும். ஒரு மத்தியானத்து வேலை. நான் முதல்முறை இதைச் செய்தபோது ஐந்து பெயர்களுக்கு எதிரே வெறும் கோடுதான் இருந்தது. அந்த ஐந்து பேர் எங்கே என்று கேட்டேன். 'நாங்கள் அனுப்பிவிட்டோம்' என்றது பிரசவ வார்டு. 'கடிதம் போட்டோம், வரவில்லை' என்றது எங்கள் அலுவலகம். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். அந்த ஐந்து குழந்தைகளும் யார் கணக்கிலும் இல்லை, அவ்வளவே.

அந்த ஐந்தில் ஒன்றின் கோப்பில் என் கையெழுத்தே இருந்தது. இரண்டு முறை அழைத்தும் வராததால் கோப்பு மூடப்படுகிறது என்று நான்தான் எழுதியிருந்தேன். அன்றைய விதிப்படி அது சரி. குழந்தை மூன்று வயதில், பேச்சு வரவில்லை என்று வேறொரு வழியாக எங்களிடமே வந்து சேர்ந்தது. வீடு மாறியிருக்கிறார்கள். என் இரண்டு கடிதங்களும் பழைய வீட்டுக்குப் போயிருக்கின்றன. அதற்குப் பிறகு 'வரவில்லை' என்ற சொல்லை எங்கள் கோப்புகளிலிருந்து எடுத்துவிட்டோம். 'கொண்டுவரப்படவில்லை' என்று எழுத ஆரம்பித்தோம். ஆறு வாரக் குழந்தை தானாக எப்படி வரும்? சொல்லை மாற்றியதும் அடுத்த கேள்வி தானாகவே வந்தது: ஏன் கொண்டுவர முடியவில்லை?

காரணங்களில் பாதி நம் வாயிலிருந்து வந்தவை. ஸ்கிரீனிங் செய்பவர் நல்ல மனதோடு, "பயப்பட ஒண்ணுமில்லம்மா, காதுல தண்ணி இருக்கும், சும்மா இன்னொரு தடவை பார்த்துக்கலாம்" என்று சொல்கிறார். முதல் நாளில் காதில் திரவமோ மாவுப்படலமோ இருந்து 'ரெஃபர்' வருவது உண்மையிலேயே அதிகம்தான். ஒரு நாள் பொறுத்துச் செய்தாலே பாதிக் கூட்டம் குறையும். ஆனால் பிரசவித்து இரண்டு நாளான ஒரு பெண் அந்த வாக்கியத்திலிருந்து எடுத்துக்கொண்டு போவது 'ஒண்ணுமில்லை' என்ற ஒரு சொல்லை. வீட்டில் மாமியாரோ கணவரோ கேட்டால் அதையே சொல்வார். பிறகு ஏன் வரவேண்டும்? அதற்காக எதிர்ப்பக்கம் போய்ப் பயமுறுத்தவும் கூடாது. நாங்கள் பழக்கிக்கொண்டது இது: "இந்தக் காதுல இன்னிக்கு எங்களுக்குத் தெளிவான பதில் கிடைக்கலை. பெரும்பாலான குழந்தைகளுக்கு அடுத்த தடவை கிடைச்சிடும். சில குழந்தைகளுக்கு உண்மையிலேயே கேட்கிறதுல குறை இருக்கும். எதுன்னு இங்கேயிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, அதனால இந்தத் தேதிக்கு நீங்க வரணும்." அந்தத் தேதி தாய் வார்டை விட்டுக் கிளம்பும் முன்னே கையில் இருக்கவேண்டும். 'கடிதம் வரும்' என்று சொல்லி அனுப்பிய குழந்தைகளைத்தான் நாங்கள் அதிகம் தொலைத்தோம்.

அப்புறம், தொலைபேசி எண் ஒன்றல்ல, இரண்டு வாங்குங்கள். பிரசவத்துக்குப் பிறகு தாய் எந்த வீட்டில் இருப்பார் என்று கேளுங்கள். எந்த மையம் பக்கம் என்று நீங்களாக முடிவு செய்யாமல் அவரிடமே கேளுங்கள். நான்கு மையங்கள் இருப்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய வசதி என்று உள்ளே இருப்பதால் உங்களுக்குத் தெரியாது. நான் ஒரே மையத்தில் உட்கார்ந்து பல வருடம் தவித்தவன்.

அந்தப் பணம் எதற்கு என்று இப்போது ஊகித்திருப்பீர்கள். ஓர் ஆள். முழுநேரமாக அந்தப் பட்டியலை மட்டும் வைத்திருக்கும் ஆள். ஆடியாலஜிஸ்டாக இருக்கவேண்டிய அவசியமில்லை, இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. இருந்தால் நெருக்கடி நாளில் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டுவிடுவீர்கள். தொலைபேசியில் பொறுமையாகப் பேசத் தெரிந்தவர், உங்கள் பகுதியில் பேசப்படும் மொழிகளில் குறைந்தது இரண்டு தெரிந்தவர் போதும். அவர் வேலை: 'ரெஃபர்' ஆன நிமிடத்திலிருந்து 'கேட்கிறது' அல்லது 'கேட்கவில்லை, சிகிச்சை தொடங்கிவிட்டது' என்று முடியும் வரை ஒவ்வொரு பெயரும் அவர் தாளில் இருக்கும். அவரைக் கேட்காமல் யாரும் ஒரு பெயரை அடிக்கக் கூடாது, நீங்கள் உட்பட. மேலிடத்துக்குக் கருவி என்றால் திறப்புவிழாப் படம் கிடைக்கும், ஆள் என்றால் கிடைக்காது. அதனால்தான் உங்கள் கையில் அந்தப் பதினேழு பெயர்த் தாள் இருக்கவேண்டும் என்கிறேன். எதிரே கோடு மட்டும் இருக்கும் பெயர்களைக் காட்டிக் கேட்டால் மறுப்பது அவர்களுக்குச் சுலபமில்லை.

இவ்வளவு அவசரம் ஏன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனால் உங்கள் மேலிடத்துக்குச் சொல்லவேண்டியிருக்கும். கொலராடோவில் கிறிஸ்டின் யோஷினாகா-இடானோவும் சக ஆய்வாளர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு இன்றைக்கும் கைகொடுக்கும்: ஆறு மாதத்துக்குள் குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தைகளின் மொழி, அதற்குப் பிறகு கண்டறியப்பட்டவர்களுடையதைவிடத் தெளிவாக மேலே இருந்தது. ஒரு மாதத்துக்குள் ஸ்கிரீனிங், மூன்றுக்குள் நோயறிதல், ஆறுக்குள் சிகிச்சை என்ற 1-3-6 இப்படிப்பட்ட சான்றுகளின் மேல்தான் நிற்கிறது. அதை எட்டிவிட்டவர்கள் 1-2-3-க்கு முயலலாம் என்று அதே கூட்டுக்குழு 2019-இல் சொன்னது. இதில் நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. இரண்டு மாதக் குழந்தை பால் குடித்தால் தூங்கும். தூக்கத்திலேயே பெராவை முடித்துவிடலாம். ஆறு மாதக் குழந்தை நெற்றியில் ஒட்டிய எலெக்ட்ரோடைப் பிய்த்து வாயில் வைக்கும். அப்புறம் மயக்கமருந்து, அதற்கு ஒரு மருத்துவமனை, அதற்கு ஒரு காத்திருப்புப் பட்டியல். உங்கள் பட்டியல் நீள்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். குழந்தைகளின் வயதைப் போட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பட்டியல் நீள்வதற்கு இன்னொரு காரணம் நடுக்காதில் பசைபோல நீர் தேங்கும் பிள்ளைகள். இவர்களில் மிகப் பலருக்குத் தானாகவே வடிந்துவிடும். மூன்று மாதம் பொறுத்து மறுபடி பார்ப்பதே முறை. இவர்களையும், முதல் பெரா ஆகவேண்டிய சிசுக்களையும் ஒரே வரிசையில் நிறுத்தாதீர்கள், இரண்டு வரிசை வையுங்கள். பிளவு அண்ணம் உள்ள பிள்ளைகளும் டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளும் மட்டும் 'தானாகச் சரியாகும்' என்ற பொது விதிக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்குத் தனித் தேதி வேண்டும். ஒரு சிறு விஷயம், உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் நான்கு மையத்திலும் எல்லோருக்கும் தெரியுமா என்று பாருங்கள்: ஆறு மாதத்துக்குக் கீழே டிம்பனோமெட்ரியை (செவிப்பறையின் அசைவை அளக்கும் பரிசோதனை) 226 ஹெர்ட்ஸில் எடுத்தால் நம்ப முடியாது, 1000 ஹெர்ட்ஸில் எடுக்கவேண்டும். ஒரு மையத்தில் கருவியின் அமைப்பை யாரும் மாற்றாமலே இரண்டு வருடம் ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

இனி அந்த மூத்தவர். இதுதான் உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்த இடம். அவர் கெட்டிக்காரர் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. தனியாகச் செய்து, தனியாகப் படித்து, தனியாகக் கையெழுத்துப் போடும் ஏற்பாடு எவ்வளவு கெட்டிக்காரரையும் மெல்ல மெல்ல வழி மாற்றிவிடும். ஸ்காட்லாந்தின் லோதியன் பகுதியில் நடந்தது பொதுவெளியில் இருக்கிறது. 2009 முதல் 2018 வரையிலான ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பதிவுகளை பிரித்தானிய ஆடியாலஜி அகாடமி எடுத்துப் பார்த்தது. 2021-இல் அறிக்கை வந்தது. 155 குழந்தைகள் விஷயத்தில் பெரும் தவறுகள். காது கேளாத குழந்தைகள் பல வருடம் தாமதமாகக் கண்டறியப்பட்டிருந்தார்கள். அதன் பிறகு ஸ்காட்லாந்து முழுவதற்கும் தனி ஆய்வே வைக்கவேண்டியிருந்தது. அங்கேயும் பரிசோதனை நடக்காமல் இல்லை. தினமும் நடந்தது, முடிவுகளும் எழுதப்பட்டன. எழுதியது சரியா என்று வெளியிலிருந்து ஒரு கண் பார்க்காமல் வருடங்கள் ஓடிவிட்டன.

பெராவில் தவறு எங்கே நுழையும் என்று நம் இருவருக்கும் தெரியும். குழந்தை அசைந்து கிடைத்த இரைச்சலில், கேட்கிறது என்பதற்கு நாம் அடையாளமாகத் தேடும் ஐந்தாவது அலை இருப்பதுபோலக் கண்ணுக்குத் தெரியும். தேடுகிற கண்ணுக்கு அது எங்கேயும் தெரியும். அல்லது இரைச்சல் அடங்காத பதிவைப் பார்த்து 'அலை இல்லை' என்று எழுதிவிடுவோம். 'அலை இல்லை' வேறு, 'தெளிவில்லை' வேறு. பின்னணி இரைச்சல் போதுமான அளவு அடங்கியபின் தட்டையாக இருந்தால்தான் இல்லை என்று எழுத உரிமை உண்டு. ஒவ்வொரு அளவிலும் இரண்டு பதிவு எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தாரா? எலும்பு வழியாகவும் எடுத்தாரா? மற்ற காதை இரைச்சல் கொடுத்து மறைத்தாரா? இதையெல்லாம் பரிசோதனை செய்தவரைவிடச் செய்யாத ஒருவர் எளிதாகக் கேட்டுவிடலாம். மாதம் ஒருமுறை, பெயர் மறைத்த பதிவுகளை வேறொரு சேவையில் இருப்பவர்களோடு மாற்றிக்கொண்டு படிக்கும் ஏற்பாடு செய்யுங்கள். புதிதாகக் குறைபாடு என்று முடிவான ஒவ்வொன்றையும், கூடவே 'சரியாக இருக்கிறது' என்று அனுப்பியவற்றில் சிலவற்றையும்.

அவரிடம் எப்படிச் சொல்வது? ஆணையாகச் சொன்னால் தோற்றுவிடுவீர்கள். இருபது வருடமாக அவருக்கு அங்கே வேர் இருக்கிறது. முதலில் உங்களுடையதைக் கொண்டுபோங்கள். "சார், போன வாரம் நான் எடுத்த பெரா இது. முப்பது டெசிபல்ல அஞ்சாவது அலை இருக்கா இல்லையான்னு எனக்குச் சந்தேகமா இருக்கு, கொஞ்சம் பாருங்களேன்." நாடகமாகச் செய்யாதீர்கள், உண்மையிலேயே சந்தேகமுள்ளதைக் கொண்டுபோங்கள். இரண்டு மூன்று முறை ஆனபின் மாதக் கூட்டத்தை அவரையே நடத்தச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில் இறங்கிவருவார்கள். பல வருடம் இருட்டறையில் தனியாக உட்கார்ந்து முடிவெடுத்த பாரம் அவருக்கும் இருக்கும், வெளியே சொல்லமாட்டார். அப்படியும் மறுத்தால், அது இனி மரியாதைப் பிரச்சினை இல்லை, குழந்தைகளின் பாதுகாப்புப் பிரச்சினை. எழுத்தில் மேலிடத்துக்குக் கொண்டுபோக நீங்கள் கடமைப்பட்டவர். அதைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று மாதம் என்று உங்களுக்கே ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள்.

காதுக் கருவி மாட்டிய பிறகு நடப்பதைப் பற்றி நீங்கள் ஒன்றுமே எழுதவில்லை. இந்த மௌனம் நம் தொழிலில் சாதாரணம். கண்டுபிடித்ததோடு வேலை முடிந்ததுபோல ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. உறுதியான ஒரு மாதத்துக்குள் கருவி மாட்டவேண்டும். பெரியவர் காதுக்கு ஏற்ற அளவை அப்படியே வைத்தால், சிசுவின் சின்னக் காதுக் குழாயில் அதே ஒலி பல டெசிபல் கூடிவிடும். அந்தக் காதிலேயே அளந்துதான் கருவியை அமைக்கவேண்டும். முதல் வருடம் காது வேகமாக வளரும், சில வாரங்களுக்கு ஒருமுறை மோல்டு (கருவியைக் காதில் பொருத்தும் அச்சு) தளர்ந்து 'கீ' என்று கூவ ஆரம்பிக்கும். புது மோல்டு வர மூன்று வாரம் ஆனால், அந்த மூன்று வாரமும் கருவி மேசை டிராயரில்தான் கிடக்கும். உங்கள் சேவையில் மோல்டு எடுத்த நாளிலிருந்து கைக்கு வரும் நாள் வரை எத்தனை நாள் ஆகிறது? இந்த எண்ணையும் அந்தப் பட்டியல்காரர் வைத்திருக்கட்டும்.

கருவி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் காதில் இருந்தது என்பது கருவிக்குள்ளேயே பதிவாகும். அதைப் பெற்றோர்களைக் குற்றம் சாட்டும் ஆதாரமாக ஆக்கிவிடாதீர்கள். இரண்டு மணி நேரம் என்று திரையில் தெரிந்தால், "எந்த நேரத்துல கழட்டிப் போடுறான்?" என்று கேளுங்கள், கதை வரும். டேனியல் லிங் தந்த ஆறு ஒலிகளை, ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ், முதல் நாளே தாய்க்குச் சொல்லிக்கொடுங்கள். தினம் காலையில் குழந்தையின் பின்னால் நின்று சொல்லிப் பார்த்தால், மின்கலம் தீர்ந்ததா, காதில் நீர் சேர்ந்ததா என்று நமக்கு முன்னால் அவருக்குத் தெரியும். சைகை மொழி வேண்டும் என்று ஒரு குடும்பம் கேட்டால் தடுக்காதீர்கள், 'பேச்சு வராது' என்று மிரட்டாதீர்கள். அந்த வயதில் குழந்தைக்கு மொழி கிடைப்பதுதான் அவசரம். காது கேளாத பெரியவர் ஒருவரை அந்தக் குடும்பம் சந்திக்க வழிசெய்யுங்கள். நாம் ஒரு மணி நேரம் பேசுவதைவிட அந்தச் சந்திப்பு அவர்களுக்கு அதிகம் சொல்லும்.

அறைகளைப் பற்றி ஒரு வரி. சுகாதார மையங்களில் நமக்குக் கொடுப்பது எப்போதும் மிச்சமிருக்கும் அறை. பக்கத்தில் கழிப்பறை, மேலே நாற்காலி இழுக்கும் சத்தம். நான்கு அறைகளிலும் ஒலி அளவைக் காலை, மத்தியானம் இரண்டு வேளையும் அளந்து எழுதுங்கள். ஓர் அறை தேறவில்லை என்றால் அங்கே மோல்டு எடுக்கலாம், பேசலாம். கேட்கும் எல்லையை மட்டும் அளக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஒலி கேட்டுத் திரும்பினால் பொம்மை ஆடிக்காட்டும் பரிசோதனை வைத்திருப்பீர்கள். அந்தப் பொம்மையையும் அவ்வப்போது மாற்றுங்கள். எங்களிடம் இருந்த குரங்குப் பொம்மை அவ்வளவு பழசாகி, குழந்தைகள் ஒலி கேட்டும் திரும்பமாட்டேன் என்று அடம்பிடித்தார்கள். நாங்கள் அதைக் கேட்புக் குறைபாடு என்று சந்தேகித்துக்கொண்டிருந்தோம்!

பொறுப்பாளரான பின்பு குழந்தைகளைப் பார்ப்பதை முழுக்க விட்டுவிடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள் போதும், ஆனால் அது ஒரே மையத்தில் இருக்கவேண்டாம். சுற்றிச் சுற்றி வாருங்கள். எந்த மையத்தில் தாய்மார் ஒரு மணி நேரம் காத்திருக்கிறார்கள், எங்கே வரவேற்பில் முகம் சுளிக்கிறார்கள் என்பதெல்லாம் அறிக்கையில் வராது.

கடைசியாக அந்த இரண்டரை வயதுப் பையன். நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் 'பாஸ்' என்று அன்றைக்குச் சொன்னவர், அதன் பொருளை முழுதாகச் சொல்லியிருக்கமாட்டார். 'பாஸ்' என்பது அந்த ஒரு நாளுக்கான பதில். பிறந்தபோது நன்றாகக் கேட்டு, பிறகு குறையும் காதுகள் உண்டு. கருவிலேயே வந்த சைட்டோமெகலோ வைரஸ் தொற்று, பரம்பரைக் காரணங்கள், உட்காதின் ஒரு குழாய் இயல்பைவிட அகலமாக இருப்பது, மூளைக்காய்ச்சல் என்று பல. லேசான குறைபாடு ஸ்கிரீனிங் வலையில் சிக்காமலும் போகும். இன்னொன்று, ஓஏஈ (ஒலிக்கு உட்காது திருப்பி எழுப்பும் மெல்லிய ஒலியை அளக்கும் பரிசோதனை) மட்டும் செய்து 'பாஸ்' என்றால் அது உட்காதின் வெளிவரிசை மயிர்ச்செல்கள் வேலை செய்வதைத்தான் சொல்கிறது. அங்கிருந்து நரம்பு வழியாகச் செய்தி ஒழுங்காகப் போகாத குழந்தையும் அதில் தேறிவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நாளுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்குத் தானியங்கி பெராதான் செய்யவேண்டும் என்பது இதனால்தான். உங்கள் நான்கு மையங்களுக்கும் குழந்தை அனுப்பும் வார்டுகளில் அது நடக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். 'ரெஃபர்' ஆன சிசுக்களுக்குச் சைட்டோமெகலோ வைரஸுக்கான உமிழ்நீர் அல்லது சிறுநீர் மாதிரி எடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். பிறந்து 21 நாளுக்குள் எடுத்தால்தான் அது பிறவித் தொற்றா என்று சொல்ல முடியும், அதற்குப் பிறகு அந்தக் கதவு மூடிவிடும். மூளைக்காய்ச்சலிலிருந்து எழுந்த குழந்தை வரிசையில் நிற்கவே கூடாது; உட்காது எலும்பாக இறுகத் தொடங்கிவிட்டால் காக்ளியர் இம்ப்ளான்ட் (உட்காதுக்குள் பொருத்தும் மின்கருவி) வைப்பது கடினமாகிவிடும்.

அப்புறம் இதை எல்லா மருத்துவர்களுக்கும், குழந்தைகள் காப்பக ஆசிரியர்களுக்கும் ஒரு பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்: பெற்றோருக்குச் சந்தேகம் வந்தால் அதுவே போதிய காரணம், 'பிறந்தபோது பாஸ்' என்று திருப்பி அனுப்பவேண்டாம். அந்த அம்மாவுக்கும் முன்பே சந்தேகம் வந்திருக்கும், யாரோ ஒருவர் அந்தச் சீட்டைக் காட்டிச் சமாதானம் சொல்லியிருப்பார் என்பது என் ஊகம். கேட்டுப் பாருங்கள்.

ஆமாம், அவரை நீங்கள் கூப்பிடவேண்டும். அடுத்த தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். அவரைப் பார்க்கப் போகுமுன் பையனின் பிறப்புப் பதிவை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்: எந்தப் பரிசோதனை, எத்தனை முறை, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தானா, குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதில் காது கேளாமல் இருந்ததா, அதை யாராவது கேட்டு எழுதினார்களா. நம் பக்கம் தவறு இருந்தால் இருந்தது என்று சொல்லுங்கள், இல்லையென்றால் ஏன் இல்லை என்று அந்தத் தாளை வைத்துக் காட்டுங்கள். அவர் கேட்டால் நகல் கொடுங்கள். பையனுக்குத் தம்பியோ தங்கையோ இருந்தால் அந்தக் குழந்தைக்கும் தேதி போட்டுவிட்டு வாருங்கள்.